மணிக்கடைக் கயிறு

ஐப்பசி அடைமழை சற்றே ஓய்ந்த ஒரு காலை வேளையில், பூந்தமல்லியைத் தாண்டி மேற்கே சென்று செம்பரம்பாக்கம் ஏரிக்கரையின்மேல் ஏறி நிற்பவன் முதலில் காண்பது கண்ணுக்கெட்டிய தூரமும் விரிந்து கிடக்கும் நீர்ப்பரப்பு. அடுத்தபடியாக அவன் கண் தேடுவது நீருக்குள் நிற்கும் அளவுகோல். அந்தக் கோலில் ஏறியிருக்கும் அடிக்கணக்கை மறுநாள் பத்திரிகையில் படித்துத்தான், தன் வீட்டுக் குழாயில் தண்ணீர் வருமா என்பதையும், தன் வீட்டுக்குள்ளேயே தண்ணீர் வந்துவிடுமா என்பதையும் சென்னைவாசி ஒருங்கே ஊகித்துக்கொள்கிறான். ஏரியின் முழு ஆழம் 24 அடி. கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. 2015 டிசம்பர் முதல் வாரத்தில் அடையாற்றங்கரையில் வெள்ளத்தால் நேர்ந்தவற்றுக்குப் பிறகு, இந்த எண்களைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் மனப்பாடமாய்ச் சொல்லுகிறார்கள்.

ஆனால் அந்தக் கோல் அறிந்திருப்பது நீரின் மேல்மட்டம் எங்கே நிற்கிறது என்பதை மட்டுமே. அடியில் எத்தனை காலத்து வண்டல் படிந்திருக்கிறது, அது எந்த மூலையில் மேடிட்டிருக்கிறது, எந்த மடையை அடைத்துக்கொண்டிருக்கிறது என்பவற்றை அது அறியாது. தொண்டை மண்டலத்து முன்னோர்கள் இதை நன்றாய் உணர்ந்திருந்தனர் என்பதற்கு, ஏரி வாரியம் என்று தனியாக ஒரு குழு வகுத்து ஏரிகளைக் காத்த உத்தரமேரூர்ச் சாசனங்களும், ஏரியில் ஓடம் விட்டு மண் வாருவதற்கென்றே நிவந்தம் வைத்த செய்தியைக் கூறும் உக்கல் கல்வெட்டுக்களும் சான்று பகரும். மேல்மட்டத்தைக் கண்டு திருப்தியடைபவர்களாக அவர்கள் இருந்திருந்தால், ஓடக்காரனுக்கு நெல் அளந்திருக்கமாட்டார்கள்.

சரீர சாஸ்திரத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தவன் ஏரியில் இறங்கிவிட்டானே என்று வாசகர் நினைக்கலாம். அதற்குக் காரணம் உண்டு. செம்பரம்பாக்கத்தை ஒட்டி ஓடும் பெங்களூர் நெடுஞ்சாலையின் இருமருங்கிலும் இன்று மருத்துவக் கல்லூரிகள் எழுந்துவிட்டன. ஒரு காலத்தில் ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த தண்டலம், நசரத்பேட்டை முதலிய ஊர்களில் இப்போது புறநோயாளிச் சீட்டுக்கு வரிசை நிற்கிறது. அந்த வரிசையின் முனையில் நடக்கும் முதற் காரியம், வந்தவரை எடை பார்க்கும் இயந்திரத்தின்மேல் ஏற்றுவதும், சுவரோரம் நிறுத்தி உயரம் பார்ப்பதும், சில வேளைகளில் இடுப்பைச் சுற்றி நாடாவைப் பிடிப்பதுமே. இந்த அளவுகள் எதற்கு, எப்போது முதல், யாருடைய பிரயோஜனத்தை முன்னிட்டு எடுக்கப்பட்டு வந்தன என்பதையும், சிறுநீரகத்தின் தலைமேல் ஒளிந்துகொண்டிருக்கும் ஒரு சிறு சுரப்பியை அறுத்தெடுக்க வேண்டியபோது இவை எம்மட்டுக்குப் பயன்படுகின்றன, எந்த இடத்தில் ஏரிக்கோலைப் போலக் கைவிரித்துவிடுகின்றன என்பதையும் ஆராய்ந்து பார்க்கும் ஆசையே இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

சரீரத்தை அளந்து பார்த்து நோயாளியின் பலாபலத்தை நிர்ணயிக்கும் வழக்கம் நம் தேசத்தில் புதிதன்று. சரகர் தமது சம்ஹிதையில் நோயாளியைப் பரீட்சிக்கும் பத்து வகைகளுள் ஒன்றாகப் பிரமாணத்தைச் சேர்த்தார். மனிதனுடைய உயரம் 84 அங்குலம் என்பது அவர் கணக்கு. சுசுருதரின் கணக்கோ 120 அங்குலம். இந்த இருவரும் கூறும் அங்குலம் தச்சனுடைய முழக்கோலில் கீறிய அங்குலமன்று, அளக்கப்படுபவனுடைய சொந்த விரலின் அகலம் என்பதைக் கவனிக்க வேண்டும். நெட்டையனுக்கு அவன் விரல், குட்டையனுக்கு அவன் விரல். இருவருக்கும் பொதுவான ஒரு கோலை நீட்டாமல், ஒருவனுடைய ஓர் அங்கத்தை அவனுடைய மற்றோர் அங்கத்தோடு ஒப்பிட்டு விகிதம் காணும் இந்த யுக்தி, பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு ஐரோப்பியக் கணித வல்லுநர்கள் சுற்றிவளைத்து வந்து சேர்ந்த இடத்துக்கு வெகு அருகில் நிற்கிறது.

தமிழ்ச் சித்த வைத்தியர்கள் இதே யுக்தியைக் கயிற்றில் முடிந்து வைத்தார்கள். மணிக்கடை நூல் என்பது அதன் பெயர். நோயாளியின் வலக் கையை நீட்டச் செய்து, மணிக்கட்டிலிருந்து நான்கு விரற்கடை மேலே தள்ளி, முறுக்கான ஒரு நூலைச் சுற்றி, சுற்றளவு எவ்வளவோ அவ்வளவில் அதைப் பிடித்துக்கொண்டு, பிறகு அந்த நூலை அதே நோயாளியின் விரல்களின்மேல் கிடத்தி, இத்தனை விரற்கடை, இத்தனை விரற்கடையும் காலும், அரையும், முக்காலும் என்று எண்ணுவர். அகத்தியர் பெயரால் வழங்கும் சூடாமணிக் கயிறு சூத்திரம் என்னும் நூல், இவ்வளவு விரற்கடைக்கு இன்ன நோய் என்று வரிசையாய் விதித்துச் செல்லுகிறது. நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்னும் எண்வகைத் தேர்வோடு இதையும் சேர்த்துப் படிக்கும் வழக்கம் சித்த மருத்துவக் கல்லூரிகளில் இன்றும் இருக்கிறது.

கால் விரற்கடை வித்தியாசத்தில் ஒரு நோய் போய் மற்றொரு நோய் வந்துவிடும் என்ற அந்தப் பட்டியலை அப்படியே ஒப்புக்கொள்ள என் மனம் இடந்தரவில்லை. கயிறு பிடிக்கும் கை சற்றே தளர்ந்தால் கால் விரற்கடை காணாமற் போய்விடும் என்பது சாமானிய அனுபவம். ஆயினும் அந்த முறைக்குள் இருக்கும் இரண்டு நுட்பங்களை நான் மதிக்காமல் இருக்க முடிவதில்லை. ஒன்று, மேலே சொன்ன விகிதம். மற்றொன்று, அளவெடுக்க மணிக்கட்டைத் தேர்ந்துகொண்டது; சதை அதிகம் ஏறாத, எலும்பின் கட்டுமானத்தை நெருங்கித் தொட்டுப் பார்க்கக்கூடிய இடம் அது. வயிற்றுச் சுற்றளவு விருந்துக்கு விருந்து மாறும். மணிக்கட்டு அவ்வளவு எளிதில் ஆளைக் காட்டிக்கொடுக்காது.

இப்படி நோயாளியின் நன்மைக்காக அளந்த காலம் ஒருபுறமிருக்க, அளப்பவனுடைய நன்மைக்காகவே அளந்த காலம் ஒன்றும் சென்னையில் இருந்தது. 1885 முதல் 1908 வரையில் எழும்பூர் அரசாங்கப் பொருட்காட்சிசாலையின் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன் மருத்துவக் கல்லூரியிலே உடற்கூறும் போதித்தவர். அவர் கவைக்கோல்களையும் நாடாக்களையும் தூக்கிக்கொண்டு மாகாணமெங்கும் திரிந்து, மூக்கின் அகலத்தையும் மண்டையின் நீளத்தையும் அளந்து, ஜாதிக்கு ஒரு சராசரி கட்டினார். 1909-ல் ஏழு பாகங்களாக வெளிவந்த அவருடைய தென்னிந்திய ஜாதிகள் பற்றிய பெரு நூலில் அந்த எண்கள் நிறைந்திருக்கின்றன. வயநாட்டுப் பணியப் பெண்கள் தம்மைக் கண்டதும் ஓட்டமெடுத்ததையும், தங்களுள் வாட்டசாட்டமானவர்களைப் பிடித்துப் பஞ்சடைத்துச் சென்னைப் பொருட்காட்சிசாலையில் நிறுத்திவிடுவார் என்று அவர்கள் அஞ்சியதையும் அவரே வேடிக்கையாக எழுதிவைத்தார். அந்தப் பெண்களின் அச்சத்தை அறியாமை என்று நான் சொல்லமாட்டேன். தன்னை அளப்பவன் அந்த அளவைக்கொண்டு என்ன செய்யப்போகிறான் என்று யோசிப்பதைக் காட்டிலும் விவேகம் வேறென்ன இருக்கிறது? குற்றவாளிகளை அங்க அளவால் அடையாளம் காணும் வித்தையைச் சென்னைப் போலீஸ்காரருக்குப் போதித்தவரும் அவரே.

மேல்நாட்டில் இதற்கு முன்பே வேறொரு கணக்கு பிறந்திருந்தது. வானசாஸ்திரியாகிய பெல்ஜிய நாட்டு அடால்ஃப் கெத்தலே, நட்சத்திரங்களுக்குக் கையாண்ட சராசரிக் கணிதத்தை மனிதர்களுக்கும் கையாண்டு, வளர்ந்த மனிதரின் எடை ஏறக்குறைய உயரத்தின் வர்க்கத்தை அனுசரித்து நிற்கிறது என்று 1832-ல் கண்டறிந்தார். எவரையும் மெலியச் சொல்லவேண்டும் என்ற நோக்கம் அவருக்குக் கிடையாது. சராசரி மனிதன் என்ற ஒரு கற்பனைப் புருஷனைத் தேடி அலைந்தவர் அவர். அந்தக் கணக்குக்கு 1972-ல் அமெரிக்கரான ஆன்செல் கீஸ் சூட்டிய பெயரைத்தான் இன்று நாம் பி.எம்.ஐ. என்றும், உடல் நிறை எண் என்றும் சொல்லுகிறோம். நடுவில் நூற்று நாற்பது ஆண்டுக் காலம், சரீர அளவில் சிரத்தை காட்டியவர்களுள் முதன்மையானவர்கள் ஆயுள் காப்பீட்டுக் கம்பெனிக்காரர்கள். நம் வீடுகளிலும், எல்.ஐ.சி. பாலிசி எடுக்கப் போன தகப்பனார், மூச்சை இழுத்தால் மார்பு எத்தனை அங்குலம், விட்டால் எத்தனை, வயிறு எத்தனை என்று டாக்டர் அளந்து படிவத்தில் எழுதியதை ஒரு பெருமையோடு திரும்பி வந்து சொல்லியிருப்பார். டாக்டர்கள் மறந்துபோன வயிற்றுச் சுற்றளவைக் காப்பீட்டுக்காரரும் தையற்காரரும் மறக்கவில்லை. இருவருக்கும் அதில் பணம் போவதும் வருவதும் இருந்தது.

இனி, அந்தச் சுரப்பிக்கு வருவோம். பாடநூல்களில் அண்ணீரகச் சுரப்பி என்றும், ஆஸ்பத்திரிகளில் அட்ரினல் என்றும் வழங்கும் இது இரு சிறுநீரகங்களின் உச்சியிலும் குல்லாய் கவிழ்த்தாற்போல ஒவ்வொன்றாய் அமர்ந்திருக்கிறது. ஒன்றின் எடை நான்கு அல்லது ஐந்து கிராம், அதாவது அரைப் பவுனுக்குச் சற்றே மேல். ரோமாபுரி உடற்கூற்று வல்லுநர் எவுஸ்தாக்கி 1560-களில் இதை முதன்முதலாக விவரித்த பின்னரும், இது எதற்காக இருக்கிறது என்பது ஒருவருக்கும் விளங்கவில்லை. 1716-ல் பிரான்ஸ் தேசத்துப் போர்தோ நகரத்துப் பண்டித சபை இச்சுரப்பியின் உபயோகம் யாது என்று கேட்டுப் பரிசும் அறிவித்தது. வந்த விடைகளைப் படித்துப் பார்த்த மாண்டெஸ்கியூ, பரிசுக்குத் தகுதியானது ஒன்றும் இல்லை என்று அறிவித்துவிட்டார். அரசியல் தத்துவத்தில் பெயர் பெற்ற அந்தப் பெரியவர் இந்த விஷயத்தில் அளித்த தீர்ப்பு இன்னும் நூற்று நாற்பது ஆண்டுகள் செல்லுபடியாயிற்று.

1855-ல்தான் லண்டன் கைஸ் ஆஸ்பத்திரியைச் சேர்ந்த தாமஸ் அடிசன், பதினோரு நோயாளிகளின் சரிதத்தை வைத்துக்கொண்டு, இச்சுரப்பிகள் கெட்டால் உடல் கறுத்துச் சோர்ந்து, இரத்த ஓட்டம் தளர்ந்து மனிதன் மடிகிறான் என்று காட்டினார். அடுத்த ஆண்டே பிரவுன் செக்கார் பிராணிகளிடமிருந்து இரண்டு சுரப்பிகளையும் நீக்கி, அவை பிழைப்பதில்லை என்று நிரூபித்தார். அடிசன் கண்ட நோயாளிகளுள் பலருக்குச் சுரப்பியை அரித்தது காசநோய். நம் நாட்டில் இந்தக் காரணம் இன்னும் பழங்கதையாகிவிடவில்லை. டாக்டர் சௌரி முத்து 1928-ல் தாம்பரத்தில் காசநோயாளிகளுக்காக ஆரோக்கிய நிலையம் தொடங்கிய காலத்தில், அங்கே படுத்திருந்தவர்களுள் எத்தனை பேருடைய தளர்ச்சிக்கு நுரையீரலோடு இந்த அரைப் பவுன் சுரப்பியும் காரணமாயிருந்ததோ! சானடோரியம் என்றே இன்றும் பெயர் வழங்கும் அதே இடத்தில், 2005-ல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் திறக்கப்பட்டது என்பதையும் இங்கே குறித்துவைக்கலாம். மணிக்கடைக் கயிற்றுக்கும் அடிசனுடைய சுரப்பிக்கும் ஒரே ரயில் நிலையம் வாய்த்திருக்கிறது.

தமிழ்நாட்டில் இந்தச் சுரப்பியைத் தராசில் வைத்து நிறுத்துப் பார்த்த கதை அதற்கும் முந்தியது. அதை நம்மவர்கள் அதிகமாய்ப் பேசுவதில்லை. குன்னூர் பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில் 1918-ல் தமது ஆராய்ச்சியைத் தொடங்கிய ராபர்ட் மக்காரிசன், பெரிபெரி நோயின் காரணத்தைத் தேடி, புறாக்களுக்குத் தீட்டிய அரிசியை மட்டும் கொடுத்து வளர்த்தார். புறாக்கள் மெலிந்தன, கழுத்து முறுக்கிக்கொண்டன, இறந்தன. அவற்றை அறுத்து ஒவ்வோர் உறுப்பையும் எடுத்து நிறுத்தபோது அவர் கண்டது விசித்திரமானது. மண்ணீரல் சுருங்கியிருந்தது, இனவிருத்திச் சுரப்பிகள் சுருங்கியிருந்தன, தைமஸ் ஏறக்குறைய மறைந்தே போயிருந்தது. அட்ரினல் ஒன்றுமாத்திரம் பருத்திருந்தது. பட்டினியால் உடல் முழுதும் கரையும்போது ஓர் உறுப்பு மட்டும் வளருமானால், வெளியே தெரியும் எடை உள்ளே நடப்பதற்குச் சாட்சியாகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அருமை. 1921-ல் வெளிவந்த தமது நூலில் மக்காரிசன் இதை விரிவாக எழுதினார். அந்த ஓர் அறைதான் வளர்ந்து போஷாக்கு ஆராய்ச்சிச் சாலையாகி, 1958-ல் ஹைதராபாத்துக்குக் குடிபெயர்ந்து, இன்றைய தேசியப் போஷாக்கு நிறுவனம் ஆயிற்று.

இந்தச் சுரப்பியில் கட்டி தோன்றினால் அறுத்தெடுப்பதுதான் பெரும்பாலும் வழி. ஆனால் இயற்கை இதை ஒளித்துவைத்த இடம் ரண வைத்தியனைச் சோதிப்பதற்கென்றே தேர்ந்ததுபோல் இருக்கிறது. முன்பக்கத்திலிருந்து போனால் குடலும் இரைப்பையும் வழிமறிக்கும்; வலப்பக்கம் கல்லீரல் கூரைபோல் கவிந்து நிற்கும்; இடப்பக்கம் மண்ணீரலும் கணையத்தின் வாலும் நெருங்கிக் கிடக்கும்; பின்பக்கத்திலிருந்து போனாலோ பதினோராவது, பன்னிரண்டாவது விலா எலும்புகள் காவல் நிற்கும். வலச் சுரப்பியின் இரத்தக் குழாய் மிகக் குட்டையானது; உடலின் பெருஞ்சிரையோடு நேரே போய் ஒட்டிக்கொள்வது. அது கிழிந்தால் அந்த அறையில் பேச்சு நின்றுவிடும். இவை போதாவென்று, பியோகுரோமோசைட்டோமா என்னும் கட்டியாயிருந்தால், கை பட்டமாத்திரத்தில் இரத்த அழுத்தம் வானத்துக்கு ஏறும். 1926-ல் லோசான் நகரத்து ரூ என்பவரும் அமெரிக்காவில் சார்லஸ் மேயோவும் அத்தகைய கட்டிகளை எடுத்து நோயாளிகளை உயிரோடு அனுப்பியது, தைரியத்தோடு அதிர்ஷ்டமும் கூடிய சாதனை. இரு சுரப்பிகளையும் எடுப்பதென்பது, 1950-ஐ ஒட்டிக் கார்ட்டிசோன் மருந்து வரும் வரையில் மரண தண்டனைக்குச் சமமாகவே இருந்தது.

அந்தப் பழைய நாட்களில் கத்திபோட்டவருக்கு முன்னறிவிப்புத் தரக்கூடியது மிகச் சொற்பம். சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் 1934-ல் பார்னார்டு ரேடியாலஜி நிலையம் தொடங்கப்பட்டபோது அது கீழ்த்திசையில் பெயர் பெற்ற ஒன்றாயிற்று. ஆனால் எலும்பைத் துல்லியமாகக் காட்டிய எக்ஸ்ரே, கொழுப்புக்குள் புதைந்த இச்சுரப்பியைக் காட்ட மறுத்தது. முதுகெலும்பின் அடியில் ஊசி குத்தி வாயுவை உள்ளே செலுத்தி, சிறுநீரகத்தைச் சுற்றி அது பரவியபின் படம் பிடித்து, நிழலுக்குள் நிழலாய்ச் சுரப்பியைத் தேடும் முறை ஒன்று மேல்நாட்டில் இருந்தது. நோயாளியின் பொறுமையையும் பிராணனையும் ஒருங்கே சோதித்த முறை அது. ஆகையால் வைத்தியர் படுக்கையருகே நின்று, ஆள் பருமனா, ஒல்லியா, முதுகு அகலமா, விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே எத்தனை விரல் இடமிருக்கிறது என்று கையால் தடவிப் பார்த்தே, கத்தி வைக்கும் இடத்தையும் அதன் நீளத்தையும் தீர்மானித்தார். விரற்கடைக் கணக்கு ஆங்கில வைத்தியத்திலும் இருந்தது. ஆனால் விரல் மாத்திரம் நோயாளியுடையதாக இல்லாமல் வைத்தியருடையதாயிற்று.

1971-ல் லண்டனில் முதல் நோயாளியின் தலையைப் படமெடுத்த சி.டி. ஸ்கேன், சில ஆண்டுகளில் வயிற்றுக்கும் வந்து இந்த இருளைப் போக்கிற்று. 1992-ல் மான்ட்ரியால் நகரத்து மிஷேல் கான்யே, வயிற்றைப் பிளக்காமல் சிறு துவாரங்களின் வழியே குழாய்களைச் செலுத்தி அட்ரினலை எடுத்துக் காட்டினார். நோயாளியை ஒருக்களித்துப் படுக்கவைத்து விலாப்புறமாக நுழையும் வழி அது. அதன்பின் ஜெர்மனியில் எஸ்ஸென் நகரத்து மார்ட்டின் வால்ஸ், நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து, குடலைத் தொடாமலே முதுகின் வழியாக நேரே சுரப்பியை அடையும் மார்க்கத்தைச் செம்மைப்படுத்தி, 560 சிகிச்சைகளின் அனுபவத்தை 2006-ல் வெளியிட்டார். நம் மாநிலத்திலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் நாளமில்லாச் சுரப்பிகளின் அறுவைக்கென்றே தனித் துறைகள் இருக்கின்றன. மக்கள் பேச்சில் ‘ஓட்டை போட்டு எடுக்கிற ஆபரேஷன்’ என்று வழங்குவது இந்தத் துவார முறையே.

சரீர அளவு என்ற பழைய கேள்வி இந்த இடத்தில்தான் புதுவேகத்தோடு திரும்பி வந்தது. வயிற்றைப் பெரிதாய்த் திறந்து செய்தபோது, பருத்த உடலுக்குக் கீறலை இரண்டு அங்குலம் நீட்டிக்கொள்ளலாம். துவாரத்தின் வழியே செய்யும்போது நீட்டிக்கொள்ள இடமில்லை. முதுகுவழி மார்க்கத்தில் வேலை நடக்கும் குகையோ மிகச் சிறியது. கரியமில வாயுவை அழுத்தமாய்ச் செலுத்தித்தான் அதை விரித்து வைக்க வேண்டும். அந்தக் குகை முழுதும் கொழுப்பு நிறைந்திருந்தால், மஞ்சள் நிறச் சுரப்பியை மஞ்சள் நிறக் கொழுப்பிலிருந்து பிரித்தறிவது, களத்து நெற்குவியலில் விழுந்த மூக்குத்தியைத் தேடுவதற்கு ஒப்பாகும். ஆகவே, யாருக்கு எந்த வழி, யாருக்கு எவ்வளவு நேரம், யாருக்கு இரத்தச் சேதம் அதிகம், யாருக்கு நடுவே முறையை மாற்றி வயிற்றைத் திறக்க நேரும் என்று முன்கூட்டியே அறிய ரண வைத்தியர்கள் விரும்பினார்கள். கைக்கு எளிதில் அகப்பட்ட கோல் கெத்தலேயின் கணக்கு. அதை வைத்துப் பார்த்தார்கள்.

அந்தக் கோல் தடுமாறியது. உடல் நிறை எண் உயர உயரச் சிகிச்சை நேரம் நீளுகிறது என்று சில ஆய்வுகள் சொல்லின. குறிப்பிடத்தக்க பேதம் ஒன்றும் இல்லையென்று வேறு சில மறுத்தன. தடுமாற்றத்தின் காரணம் எளிது. எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் எண், இந்த மனிதனிடம் மொத்தச் சரக்கு எவ்வளவு என்று சொல்லுமேயன்றி, எந்த அறையில் அடுக்கியிருக்கிறது என்று சொல்லாது. தொடையிலும் பிட்டத்திலும் சதை போட்ட பெண்ணும், கை கால் குச்சியாயிருக்க வயிறு மாத்திரம் முன்தள்ளிய ஆணும் ஒரே எண்ணைப் பெறக்கூடும். அவளுடைய சுரப்பியை எடுப்பது சுலபம், அவனுடையதை எடுப்பது கஷ்டம். ஆண்களுக்குச் சிறுநீரகத்தைச் சுற்றிக் கொழுப்பு அதிகம் சேருவது இயல்பு. குஷிங் நோயாளியின் நிலைமை இதனினும் வேடிக்கையானது. அட்ரினல் மிதமிஞ்சிச் சுரப்பதாலேயே அவருக்கு முகம் உருண்டு, கை கால் மெலிந்து, கொழுப்பெல்லாம் நடுவுடலில் வந்து திரளுகிறது. அதாவது, குற்றவாளியாகிய சுரப்பியே தன்னைச் சுற்றிக் கொழுப்பால் கோட்டை கட்டிக்கொண்டு, பிடிக்க வருபவனைத் தடுக்கிறது.

இந்தியர்களிடம் இந்தக் கோல் இன்னும் அதிகமாகத் தடுமாறும் என்பதை ஒரு புகைப்படம் உலகுக்கு அறிவித்தது. புணே நகரத்து வைத்தியர் யாஜ்னிக்கும் லண்டன் வைத்தியர் யூட்கினும் அருகருகே நின்று எடுத்துக்கொண்டு 2004-ல் லான்செட் பத்திரிகையில் வெளியிட்ட படம் அது. இருவருக்கும் உடல் நிறை எண் 22.3, ஆனால் யூட்கினின் உடலில் கொழுப்பு நூற்றுக்கு 9.1 பங்கு, யாஜ்னிக்கின் உடலில் 21.2 பங்கு. அதற்கு முந்திய ஆண்டிலேயே சென்னை நீரிழிவு ஆராய்ச்சியாளர்கள், நம்மவருக்கு உடல் நிறை எண் 23-ஐத் தாண்டினாலும், இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 85, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டினாலும் எச்சரிக்கையாயிருக்க வேண்டுமென்று கணக்கிட்டுச் சொல்லியிருந்தார்கள். வெள்ளைக்காரருக்கு வகுத்த 25, 30 என்னும் எல்லைகள் நமக்குப் பொருந்தவில்லை. மனிதனை அவனவன் விரலால் அளக்கவேண்டும் என்ற சரகர் கேட்டிருந்தால், இதற்கு இத்தனை காலம் ஏன் பிடித்தது என்று கேட்டிருப்பார்.

இடுப்பு நாடா கெத்தலேயின் கணக்கைவிட ஒரு படி உள்ளே போகிறது; ஆனால் அதுவும் தோலின்மேல் ஓடுவதே. கடைசியில் வைத்தியர்கள் ஓடம் விட்டு வண்டலைப் பார்க்கத் துணிந்தார்கள். கட்டி எங்கே இருக்கிறது என்று காண்பதற்காக எப்படியும் எடுக்கப்படும் சி.டி. படத்திலேயே, முதுகுத் தோலிலிருந்து சிறுநீரகத்தை மூடியிருக்கும் ஜெரோட்டா உறை வரையில் எத்தனை சென்டிமீட்டர், அந்த உறைக்குள் சிறுநீரகத்தைச் சுற்றிய கொழுப்பின் கனம் எவ்வளவு, பன்னிரண்டாவது விலா எலும்பு சிறுநீரகத்தின் எந்த மட்டத்தில் குறுக்கிடுகிறது என்று கோடு இழுத்து அளந்தார்கள். இந்த உள்ளளவுகள், குறிப்பாகச் சிறுநீரகத்தைச் சூழ்ந்த கொழுப்பின் தடிப்பு, சிகிச்சை நேரத்தோடும் கஷ்டத்தோடும் உடல் நிறை எண்ணைவிட நெருக்கமாக ஒத்துப்போவதைப் பல ஆஸ்பத்திரிகளின் அனுபவம் காட்டியது. அளவு மிஞ்சியிருந்தால் முதுகுவழியை விட்டு விலாவழியே போவது, மிஞ்சாவிட்டால் முதுகுவழியே சுருக்கமாய் முடிப்பது என்று தீர்மானிக்க அந்தச் சிறு கோடுகள் உதவுகின்றன. கட்டியின் பருமனும் தன்மையும், வலமா இடமா என்பதும், செய்பவருடைய கைப்பழக்கமும் சேர்ந்தே கஷ்டத்தை நிர்ணயிக்கின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும்; நாடாவுக்குச் சரணமென்று விழுந்துவிட்ட வைத்தியரை நான் இன்னும் கண்டதில்லை.

ஏரிக்கரைப் பக்கத்து ஆஸ்பத்திரியொன்றில், உறவினர் ஒருவருக்குத் துணையாக ஸ்கேன் அறைக்கு வெளியே காத்திருந்த நாளில், எங்களுக்கு முன்னால் ஒரு முதியவரை அழைத்தார்கள். வெள்ளி அரைஞாண் கட்டியிருந்தார். நம் வீடுகளில் பிள்ளைக்குச் சதை பிடிக்கிறதா என்று தாய்மார் கண்டுகொள்வது தராசைக்கொண்டன்று, அரைஞாண் இறுகுவதைக்கொண்டுதான். கயிற்றை அவிழ்த்து ஒரு முடிச்சு தள்ளிக் கட்டுவதற்கு மேல் வேறு பதிவேடு கிடையாது. உலோகம் ஆகாது என்று நர்ஸ் சொன்னதும், அந்தப் பெரியவர் வெகு தயக்கத்தோடு அதைக் கழற்றி மகன் கையில் கொடுத்தார். பல ஆண்டுகளாக அது அழுந்திய இடத்தில் இடுப்பைச் சுற்றிக் கறுத்த ஒரு தடம் இருந்தது. அளவு குறிக்க வந்த பெண், நாடாவை அந்தத் தடத்தின்மேல் வைக்கப் போனாள். உடனிருந்த மூத்த நர்ஸ் தடுத்து, கடைசி விலா எலும்பைத் தொட்டு, இடுப்பெலும்பின் மேல்விளிம்பைத் தொட்டு, இரண்டுக்கும் நடுவில் பேனாவால் ஒரு புள்ளி வைத்தாள். அரைஞாண் தடத்திலிருந்து நான்கு விரற்கடை மேலே விழுந்தது அந்தப் புள்ளி.